அத்தியாயம் 9: போன் போன பிறகு பெயரும் எண்ணும்

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் வட்டாரத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "போன் போனா போகட்டும், நம்பரெல்லாம் வருமா?" கேட்பவர் டேனரி மேனேஜராக இருக்கலாம். ஷூ கம்பெனியில் லைன் பார்க்கும் சூப்பர்வைசராக இருக்கலாம். வீட்டிலேயே நாலு தையல் மெஷின் போட்டு அப்பர் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க்காரராகவும் இருக்கலாம்.

அவர்களுடைய போனைத் திறந்து பார்த்தால் 'வெட் புளூ பாய்', 'உப்பு லாரி 2', 'ஸ்ப்ளிட்டிங் மாரி', 'கட்டிங் அக்கா கஸ்பா', 'கான்பூர் புதுசு', 'பெரியமேடு பக்கிள் கடை' என்றுதான் பெயர்கள் இருக்கும். யார் எந்த வேலைக்கு, எந்த ஊர், எத்தனையாவது ஆள் என்பதெல்லாம் பெயருக்குள்ளேயே அடங்கிவிடும். வேறு எந்த நோட்டிலும் இது எழுதப்பட்டிருக்காது. அதனால் எண்களை மட்டும் மீட்டுக் கொடுத்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. நானூறு எண்களை வைத்துக்கொண்டு எது உப்பு லாரி என்று ஒருவர் போன் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பெயரும் எண்ணும் ஒன்றோடொன்று கட்டுண்டபடியே வெளியே வர வேண்டும். இந்த அத்தியாயத்தில் சொல்லும் ஒவ்வொரு வழியையும் அந்தக் கட்டு அவிழாமல் வருகிறதா என்பதை வைத்தே எடைபோடுகிறேன்.

கோப்பைத் தொடுவதற்கு முன்

வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு டேட்டாபேஸ் கோப்பைத் திறக்கும் தேவையே இருக்காது. கூகுள் கணக்கில் சேமித்த தொடர்பு அழிந்துபோனால் அது 30 நாள் வரை கூகுள் காண்டாக்ட்ஸின் குப்பைத்தொட்டியில் இருக்கும். கம்ப்யூட்டரில் அதே கணக்கைத் திறந்தால் மொத்தப் பட்டியலையும் பழைய தேதிக்குத் திருப்பும் வசதியும் உண்டு, அதுவும் 30 நாளுக்குள்தான். ஐபோன்காரர்களுக்கு ஐகிளவுட் தளத்தில் இதே போன்ற வசதி இருக்கிறது. கணக்கின் பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்பதே இங்கே பெரிய தடை. அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தவர் பெரும்பாலும் முன்பு போன் விற்ற கடைப் பையன்தான். அவரைத் தேடிப் பிடிப்பது எந்த மென்பொருளையும்விடப் பலன் தரும்.

அடுத்தது சிம். சிம்மில் பெரும்பாலும் 250 பெயர்களுக்கு இடம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் பதினான்கு எழுத்து அளவுக்குக் கொள்ளும். தமிழில் எழுதினால் ஒவ்வொரு குறியும் இரண்டு பைட் எடுப்பதால் பெரும்பாலும் ஆறு குறிகளோடு நின்றுவிடும். அதனால் 'மாரியம்மாள்' சிம்மில் 'மாரியம' என்று வெட்டுப்பட்டுக் கிடப்பாள். சிம்மிலிருந்து அழித்த பெயர் திரும்பி வராது. அந்த இடம் முழுக்க 255 என்ற மதிப்பால் நிரப்பப்பட்டுவிடும். சிம் ரெக்கவரி என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு சேதி. உப்புத் தோல் குடோனிலும் சுண்ணாம்புக் குழிப் பக்கமும் விழுந்த போன் சாதாரணத் தண்ணீரில் விழுந்த போன் அல்ல. உப்பு போர்டில் தங்கினால் மின்சாரம் ஓடும்போதெல்லாம் செம்புக் கோடுகளைத் தின்றுகொண்டே இருக்கும். மயிர் நீக்கப் பயன்படும் சோடியம் சல்ஃபைடு கலந்த நீரானால் அரிப்பு இன்னும் கெடுதல். ஆன் செய்து பார்க்கக் கூடாது, சார்ஜரில் போடக் கூடாது. பேட்டரியைக் கழற்றி, போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவ வேண்டும். அரிசியில் புதைத்து வைத்தால் ஈரம் கொஞ்சம் போகலாம், உப்பு அங்கேயே இருக்கும். நமக்குப் போன் நூறு வருஷம் ஓட வேண்டியதில்லை. ஒரே ஒரு முறை உயிர் வந்து, கோப்பைப் பிரதி எடுக்கும் நேரம் தாங்கினால் போதும்.

எந்தப் போனில் நடக்கும், எதில் நடக்காது

ஆண்ட்ராய்டு போனில் தொடர்புகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன. அதன் பெயர் காண்டாக்ட்ஸ்2.டிபி. (திரையில் இந்தப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கும். இங்கே ஒலிக்கிறபடி எழுதுகிறேன்.) டேட்டா கோப்புறைக்குள், காண்டாக்ட்ஸ் புரொவைடர் என்ற ஆப்புக்குரிய டேட்டாபேஸஸ் என்ற இடத்தில் அது கிடக்கும். போனின் சாதாரண ஃபைல் மேனேஜரில் அது தெரியாது. ரூட் செய்த போனாக இருக்க வேண்டும், அல்லது டீடபிள்யூஆர்பி போன்ற மாற்று ரெக்கவரி ஏற்கனவே ஏற்றிய போனாக இருக்க வேண்டும். ஏடிபி பேக்கப் கட்டளையை நம்ப வேண்டாம், இந்தக் கோப்பு அதில் வராது.

ரூட் செய்துவிட்டால் போகிறது என்று உடனே இறங்குவதில்தான் பலருக்குக் காரியம் கெடுகிறது. பூட்லோடரைத் திறக்கும்போது பெரும்பாலான போன்கள் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் திறக்கும். மீட்கப் போய் மொத்தமாகத் துடைத்த கதை ஆகிவிடும். அந்த மாடலில் என்ன நடக்கும் என்று உறுதியாகத் தெரியாமல் கை வைக்காதீர்கள்.

செத்த போனின் மெமரி சிப்பைக் கழற்றி நேரடியாகப் படிக்கும் வித்தை பழைய போன்களுக்குச் சரி. ஆண்ட்ராய்டு 5, அதற்கும் முந்தைய போன்களில் பெரும்பாலானவை குறியாக்கம் இல்லாதவை. ஆண்ட்ராய்டு 7இல் கோப்புவாரியான குறியாக்கம் வந்தது. ஆண்ட்ராய்டு 10 உடன் வெளிவந்த போன்களிலிருந்து அது கட்டாயம். அதன் சாவி போர்டில் இருக்கும் பிராசசரோடும் சொந்தக்காரரின் பின் எண்ணோடும் பிணைந்தது. சிப்பை மட்டும் கழற்றிப் படித்தால் அர்த்தமில்லாத பைட்டுகள்தான் வரும். ஆகவே புதிய போனில் வேலை என்பது போர்டை உயிர்ப்பித்து, பின் எண் போட்டுத் திறப்பதுதான். திறந்துவிட்டால் காண்டாக்ட்ஸ் ஆப்பிலேயே எக்ஸ்போர்ட் கொடுத்து முடித்துவிடலாம். கோப்பு எதற்கு?

அப்படியென்றால் கோப்பு வேலை யாருக்கு? பெட்டியில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டுகளுக்கு. ரூட் செய்தவற்றுக்கு. தெரியாமல் அழித்துவிட்டுக் கூகுள் கணக்கும் இல்லாமல் வருபவர்களுக்கு. கம்ப்யூட்டரில் எப்போதோ எடுத்த பேக்கப் மட்டும் மிஞ்சியவர்களுக்கு. பத்து வருஷம் ஒரே ஏஜென்டிடம் கெமிக்கல் வாங்கிய கம்பெனியில் பழைய ஆள் ஓய்வு பெற்றுப் போகும்போது இப்படிப்பட்ட போன்கள் மேசை இழுப்பறையிலிருந்து வெளியே வரும்.

மூன்று கோப்பு, இரண்டு நகல்

காண்டாக்ட்ஸ்2.டிபி ஓர் எஸ்க்யூலைட் கோப்பு. ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000இல் உருவாக்கி, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்த டேட்டாபேஸ் முறை இது. இன்று ஏறக்குறைய எல்லா ஸ்மார்ட் போனிலும் இருக்கிறது. கோப்பின் முதல் பதினாறு பைட்டில் 'எஸ்க்யூலைட் ஃபார்மட் 3' என்ற ஆங்கில வாசகம் இருக்கும். கோப்பின் பெயர் மாறிப்போயிருந்தாலும் இதை வைத்து அடையாளம் காணலாம்.

அதே இடத்தில் அதே பெயரோடு, கடைசியில் டபிள்யூஏஎல் என்றும் எஸ்ஹெச்எம் என்றும் முடியும் இரண்டு கோப்புகள் இருக்கலாம். பழைய போனில் ஜர்னல் என்று முடியும் ஒன்று இருக்கும். இருப்பதையெல்லாம் சேர்த்தே எடுங்கள். புதிதாக எழுதுவது முதலில் டபிள்யூஏஎல் கோப்புக்குத்தான் போகும். அது ஓரளவு நிறைந்ததும் மூலக் கோப்பில் சேர்க்கப்படும். டிபியை மட்டும் எடுத்துவந்தால் கடைசியாகப் பதிந்த பெயர்கள் விடுபட்டுப்போகும்.

இதிலேயே ஒரு லாபமும் ஒளிந்திருக்கிறது. ஒருவர் நேற்று இரவு முப்பது பெயர்களைத் தெரியாமல் அழித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அழித்த செய்தி டபிள்யூஏஎல்லில் மட்டும் இருந்து, மூலக் கோப்பில் இன்னும் சேராமல் இருக்கலாம். அப்போது டபிள்யூஏஎல் இல்லாமல் டிபியைத் தனியாகத் திறந்தால் அந்த முப்பது பேரும் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே இரண்டு கோப்புறை போடுங்கள். ஒன்றில் எல்லாக் கோப்புகளும், மற்றொன்றில் டிபி மட்டும். இரண்டையும் திறந்து ஒப்பிடுங்கள். போனிலிருந்து எடுத்த முதல் பிரதியை ஒருபோதும் நேராகத் திறக்கக் கூடாது. எஸ்க்யூலைட் கருவி அதைத் திறந்து மூடினாலே டபிள்யூஏஎல்லை மூலத்தில் கலந்து, டபிள்யூஏஎல் கோப்பை அழித்துவிடும். பிறகு ஒப்பிட எதுவும் இருக்காது.

உள்ளே என்ன இருக்கிறது

டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட் என்ற இலவச மென்பொருள் போதும். நகலைத் திறந்து 'பிரவுஸ் டேட்டா' பகுதிக்குப் போனால் ஏகப்பட்ட அட்டவணைகள் தெரியும். பயப்பட வேண்டாம், நமக்கு மூன்றுதான் வேண்டும்.

ரா_காண்டாக்ட்ஸ்: ஒரு ஆளுக்கு ஒரு வரி. முதல் நெடுவரிசையில் ஒரு வரிசை எண், தள்ளிப் போனால் டிஸ்ப்ளே_நேம் என்ற இடத்தில் பெயர். டேட்டா: அந்த ஆளைப் பற்றிய ஒவ்வொரு சேதிக்கும் ஒரு வரி. பெயர் ஒரு வரி, எண் ஒரு வரி, இரண்டாவது எண் இருந்தால் இன்னொரு வரி. மைம்டைப்ஸ்: எந்த வரி என்ன வகை என்று சொல்லும் சிறிய பட்டியல்.

கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். டேட்டா அட்டவணையில் நமக்கு வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் இப்படி இரண்டு வரிகள் கண்ணில் படுகின்றன (நட்சத்திரக் குறி உள்ள இடத்தில் இலக்கங்களை மறைத்திருக்கிறேன்):

214 | 7 | வெட் புளூ பாய்
214 | 5 | 98* 617 | 2 | | +9198*617

முதல் எண் 214. அதுதான் ரா_காண்டாக்ட்_ஐடி, பெயரையும் எண்ணையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கட்டு. இரண்டாவது எண் வகையைச் சொல்வது. இங்கே 7 என்றால் பெயர், 5 என்றால் தொலைபேசி எண். இது போனுக்குப் போன் மாறும், மனப்பாடம் செய்துவிடாதீர்கள். மைம்டைப்ஸ் அட்டவணையில் 'போன்_வி2' என்று முடியும் வரிக்கு எதிரே என்ன எண் இருக்கிறதோ அதுதான் அந்தப் போனில் தொலைபேசிக்கான எண். டேட்டா1 என்ற நெடுவரிசையில் எண் சொந்தக்காரர் தட்டியபடியே, இடைவெளியோடு இருக்கும். டேட்டா2இல் உள்ள 2 என்பது 'மொபைல்' என்ற வகை. டேட்டா4இல் அதே எண் 91 சேர்த்து ஒழுங்குபடுத்தி இன்னொரு முறை எழுதப்பட்டிருக்கும். ஒன்று சிதைந்திருந்தால் மற்றது உதவும்.

கட்டளை எழுதத் தெரிந்தவர்கள் மூன்று அட்டவணையையும் ஒரே வரியில் இணைத்துவிடுவார்கள். தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ரா_காண்டாக்ட்ஸ், டேட்டா இரண்டையும் சிஎஸ்வியாக எடுத்து, எக்ஸெலில் விலுக்கப் போட்டுச் சேர்த்துவிடலாம். ஷூ கம்பெனி அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போடுகிற யாருக்கும் விலுக்கப் கைவந்த கலை.

அழித்தவை எங்கே ஒளிந்திருக்கும்

கூகுள் கணக்கோடு இணைந்த தொடர்பை அழித்தால் அது உடனே கோப்பைவிட்டுப் போகாது. ரா_காண்டாக்ட்ஸில் டிலீட்டட் என்ற நெடுவரிசையில் 0 இருந்த இடத்தில் 1 ஏறும், அவ்வளவுதான். கூகுளோடு அடுத்த முறை ஒத்திசைவு நடந்து முடிந்த பிறகே வரி நிஜமாக நீக்கப்படும். அதனால் "ஐயோ, அழிச்சிட்டேன்" என்று ஒருவர் போன் செய்தால் முதலில் சொல்ல வேண்டியது: டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டு வாருங்கள். இன்னொன்று. அழித்த வரியில் காண்டாக்ட்_ஐடி காலியாகிவிடும். ஆகவே காண்டாக்ட்ஸ் என்ற அட்டவணை வழியாகத் தேடினால் கிடைக்காது, ரா_காண்டாக்ட்ஸ் வழியாகத்தான் போக வேண்டும்.

போனிலேயே மட்டும் சேமித்த தொடர்புக்கு இந்த அவகாசம் கிடையாது, உடனே நீக்கப்பட்டுவிடும். அங்கே நான் முதலில் பார்ப்பது அழைப்புப் பதிவு. ஆண்ட்ராய்டு 6 வரை அது இதே காண்டாக்ட்ஸ்2.டிபிக்குள் கால்ஸ் என்ற அட்டவணையாக இருந்தது. ஆண்ட்ராய்டு 7 முதல் கால்லாக்.டிபி என்ற தனிக் கோப்பு. பழைய சாம்சங் போன்களில் லாக்ஸ்.டிபி என்று வேறொரு கோப்பு. கால்ஸ் அட்டவணையில் எண்ணுக்குப் பக்கத்தில் நேம் என்றொரு நெடுவரிசை உண்டு. அழைப்பு நடந்த சமயத்தில் அந்த எண்ணுக்கு என்ன பெயர் இருந்ததோ அது அங்கே எழுதப்பட்டிருக்கும். பிறகு தொடர்பை அழித்தாலும் அந்த வரி நிற்க வாய்ப்புண்டு. பெயரும் எண்ணும் ஒரே வரியில், கட்டு அவிழாமல்! பொதுவாகக் கடைசி ஐந்நூறு அழைப்புகள்தான் இருக்கும் என்றாலும், தொழில்காரர் தினமும் பேசுகிற ஆட்களெல்லாம் அந்த ஐந்நூறுக்குள் வந்துவிடுவார்கள். தேதி இருக்கும் இடத்தில் பதின்மூன்று இலக்கம் நிற்கும். 1970 ஜனவரி 1 முதல் ஓடிய மில்லி விநாடிக் கணக்கு அது.

போன்_லுக்கப் என்ற அட்டவணையும் பார்க்கத்தக்கது. அழைப்பு வரும்போது யாரென்று சட்டென்று கண்டுபிடிக்க ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் அட்டவணை இது. மின்_மேட்ச் என்ற இடத்தில் எண்ணின் கடைசி ஏழு இலக்கங்களைப் பின்னாலிருந்து முன்னாக எழுதி வைக்கும். 4561789 என்று முடியும் எண் அங்கே 9871654 என்று இருக்கும். இதைத் தெரியாமல் பார்ப்பவர்கள் ஏதோ குப்பை என்று தள்ளிவிடுவார்கள்.

கோப்பே உடைந்திருந்தால்

'டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்ட்' என்ற செய்தி வந்தால் கோப்பு சிதைந்திருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி செத்த போனிலும், ஈரம் பட்ட போனிலும் இதைப் பார்க்கலாம். எஸ்க்யூலைட் தளத்திலேயே கிடைக்கும் கட்டளைக் கருவியில், 2019இல் வந்த 3.29 பதிப்பிலிருந்து, ரெக்கவர் என்றொரு கட்டளை உண்டு (முன்னால் ஒரு புள்ளி வைக்க வேண்டும்). அது பக்கம் பக்கமாகப் படித்து, படிக்க முடிந்ததை வைத்துப் புதிய கோப்புக்கான கட்டளைகளை எழுதிக் கொடுக்கும். எந்த அட்டவணைக்குரியது என்று தெரியாத வரிகளை லாஸ்ட்_அண்ட்_ஃபவுண்ட் என்ற அட்டவணையில் கொட்டும். நமக்கு வேண்டியவை அங்கேதான் கிடக்கும், சலித்துத்தான் எடுக்க வேண்டும்.

அதுவும் கைகொடுக்காவிட்டால் எச்எக்ஸ்டி போன்ற ஹெக்ஸ் எடிட்டரில் கோப்பை நேராகப் பார்ப்பதுதான் வழி. எஸ்க்யூலைட் ஒரு வரியை நீக்கும்போது அந்த இடத்தைக் காலி இடம் என்று குறித்துக்கொள்ளும். தொடக்கத்தில் நாலு பைட்டை மட்டும் தன் கணக்குக்காக மாற்றி எழுதும். மேலே புதிதாக ஏதும் எழுதப்படாதவரை மீதி அப்படியே கிடக்கும். செக்யூர் டிலீட் என்ற ஏற்பாடு போட்ட போன்களில் நீக்கும்போதே பூஜ்யம் நிரப்பிவிடுவதால் அங்கே எதுவும் மிஞ்சாது. பழைய போன்களில்தான் இதற்கு வேலை.

ஹெக்ஸ் எடிட்டரின் வலப்பக்கத்தில் ஆங்கிலப் பெயர்கள் கண்ணுக்கு நேராகத் தெரியும். தமிழ்ப் பெயர்கள் தெரியாது, விநோதமான குறிகளாகக் கிடக்கும். தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். முதல் பைட்டின் மதிப்பு எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. மூன்று மூன்றாக 224 திரும்பத் திரும்ப வந்தால் அங்கே தமிழ்ப் பெயர் இருக்கிறது என்று அர்த்தம். வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் உருதுவில் பெயர் பதிகிறவர்களும் உண்டு. உருது எழுத்து இரண்டு பைட், முதல் பைட் பெரும்பாலும் 216 முதல் 219க்குள் இருக்கும். ஒரே போனில் மூன்று எழுத்திலும் பெயர்கள் இருப்பது இங்கே சகஜம். ஆங்கிலப் பெயரை மட்டும் தேடிவிட்டு எல்லாம் எடுத்தாயிற்று என்று சொன்னால் தவறாகிவிடும்.

எண்ணைத் தேடுவதற்கு ஊர்க் குறியீடுகளைப் பயன்படுத்தலாம். வேலூர் 0416, ராணிப்பேட்டை 04172, ஆம்பூரும் வாணியம்பாடியும் 04174, குடியாத்தம் 04171, சென்னை 044, கான்பூர் 0512. வெளிநாட்டு வாங்குவோர் இருந்தால் இத்தாலிக்கு 39, ஜெர்மனிக்கு 49. செல் எண் கிடைக்கும் இடத்தில் ஒரு சங்கடம் உண்டு. டேட்டா1, டேட்டா2, டேட்டா4 மூன்றும் நடுவில் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். பத்து இலக்கம், அதை ஒட்டி ஒரு 2, அதை ஒட்டிக் கூட்டல் குறி, 91, மறுபடியும் அதே பத்து இலக்கம். நடுவில் நிற்கும் 2 எண்ணின் பகுதி இல்லை, முன்னே சொன்ன 'மொபைல்' வகைக் குறி. அதைச் சேர்த்து எழுதினால் பதினோரு இலக்க எண்ணாகிவிடும், யாருக்கும் போகாது.

ஐபோனும் நோக்கியாவும்

ஐபோனுக்கு உள்ளே நுழைய வேண்டாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஐடியூன்ஸ் வைத்து எப்போதோ எடுத்த பேக்கப் இருந்தால் போதும். மொபைல்சிங்க் என்ற கோப்புறைக்குள் பேக்கப், அதற்குள் நீளமான பெயருடைய ஒரு கோப்புறை. ஐஓஎஸ் 10இலோ அதற்குப் பிறகோ எடுத்த பேக்கப் என்றால் அதற்குள் இரண்டு இரண்டு எழுத்துப் பெயர்களில் துணைக் கோப்புறைகள் இருக்கும். 31 என்ற துணைக் கோப்புறைக்குள் தேடுங்கள். முகவரிப் புத்தகம் எப்போதும் அங்கேதான் விழும், ஏனென்றால் அதன் பாதையிலிருந்து கணக்கிட்ட பெயர் 31இல்தான் தொடங்குகிறது. ஏபிபர்சன் அட்டவணையில் பெயர், ஏபிமல்டிவேல்யூ அட்டவணையில் எண். ரெக்கார்ட்_ஐடி இரண்டையும் இணைக்கும். பேக்கப்புக்குக் கடவுச்சொல் போட்டிருந்தால் அது இல்லாமல் ஒன்றும் நடக்காது.

நோக்கியா காலத்துப் பொக்கிஷங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. இந்த வட்டாரத்தின் வழியே போகும் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் தொடங்கி 2014 வரை ஓடியது. இந்தப் பக்கத்துத் தொழில்காரர்கள் கையில் அப்போது நோக்கியா இல்லாமல் பார்ப்பது அரிது. ஏற்றுமதி கம்பெனிகளில் நோக்கியா பிசி சூட்டில் பேக்கப் எடுத்து வைக்கும் பழக்கமும் இருந்தது. என்பியூ என்று முடியும் அந்தக் கோப்பு பழைய கம்ப்யூட்டரின் மை டாக்குமென்ட்ஸில் இன்றும் கிடக்கலாம். அதைச் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் குப்பைக்கு நடுவே 'பிகின்:விகார்ட்' என்று தொடங்கி 'எண்ட்:விகார்ட்' என்று முடியும் துண்டுகள் ஒவ்வொன்றாகத் தெரியும். பெயரும் எண்ணும் அதற்குள்ளேயே சேர்ந்திருக்கும். அந்தத் துண்டுகளை மட்டும் வெட்டி எடுத்து விசிஎஃப் என்று சேமித்தால் இன்றைய போன் அப்படியே ஏற்றுக்கொள்ளும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சமக்குறிகளாக இறைந்து கிடந்தால் கலங்க வேண்டாம். தமிழ் எழுத்தைப் பழைய முறையில் மடித்து எழுதியது அது, விசிஎஃப் இறக்கும்போது தானாகவே விரியும்.

சைனா கீபேட் போன்களுக்குக் கோப்பு தேடி அலைய வேண்டாம். சர்வீஸ் பாக்ஸ் சிலவற்றில் போன்புக்கைப் படித்து எடுக்கும் வசதி இருக்கிறது.

பெயர் இல்லாத எண்

எவ்வளவு முயன்றாலும் சில எண்கள் அநாதையாக வந்து நிற்கும். அவற்றில் ஒவ்வொன்றாக அழைத்து "யாருங்க பேசறது?" என்று கேட்பதற்கு முன் இரண்டு காரியம் செய்யலாம். சொந்தக்காரரின் யுபிஐ ஆப்பில் எண்ணை அடித்தால், அந்த எண்ணில் யுபிஐ இருந்தால், வங்கியில் பதிந்த பெயர் வரும். பணம் அனுப்பத் தேவையில்லை, பெயரைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடலாம். வாட்ஸ்அப்பில் படமும் அவர்கள் வைத்துக்கொண்ட பெயரும் தெரியும். வங்கிப் பெயரைக் கேட்டதும் "அட, இவர்தான் நம்ம உப்பு லாரி!" என்று சொந்தக்காரரே சொல்லிவிடுவார். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. நீங்களாகச் செய்யாதீர்கள்.

வெளியே எடுக்கும்போது

இதுவரை ஒழுங்காகச் செய்துவிட்டு எக்ஸெலில் கெடுப்பவர்கள் உண்டு. சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் 91 சேர்ந்த பன்னிரண்டு இலக்க எண்ணை எக்ஸெல் பெரிய எண் என்று நினைத்து 9.19 என்று தொடங்கும் சுருக்க வடிவத்துக்கு மாற்றிவிடும். அப்படியே சேமித்தால் கடைசி இலக்கங்கள் நிரந்தரமாகப் போய்விடும். 0416இன் முன்னால் உள்ள பூஜ்யமும் காணாமல் போகும். தமிழ்ப் பெயர்கள் தொப்பி வைத்த ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். எக்ஸெலைத் தனியாகத் திறந்து, டேட்டா பகுதியில் இறக்குமதி கொடுத்து, எழுத்துமுறை யுடிஎஃப்-8 என்றும் எண் நெடுவரிசை 'டெக்ஸ்ட்' என்றும் சொல்லிவிட்டால் மூன்று தொல்லையும் இருக்காது.

ஒரே ஆள் 0 போட்டு ஒரு முறை, 91 போட்டு ஒரு முறை, வெறும் பத்து இலக்கமாக ஒரு முறை என்று மூன்றாக வருவார். கடைசிப் பத்து இலக்கத்தை வைத்து ஒப்பிட்டால் இரட்டைகள் அகப்படும். ஆனால் பெயர் வேறாக இருந்தால் எதையும் தூக்கி எறியாதீர்கள். 'கட்டிங் அக்கா' என்றும் 'மாரி அக்கா வீடு' என்றும் ஒரே எண் இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அது சொந்தக்காரருக்குத்தான் தெரியும். பட்டியலை முடித்து விசிஎஃப்பாக மாற்றிக் கொடுக்கும்போது அதில் ஏதாவது பத்துப் பெயர்களை அவரையே சரிபார்க்கச் சொல்லுங்கள். தமிழ், உருது, ஆங்கிலம் மூன்றும் கலந்த பத்தாக இருக்கட்டும்.

கடையில் கடைப்பிடிக்க வேண்டியவை

லைன் சூப்பர்வைசர் ஒருவரின் போனில் நூற்றுக்கணக்கான பெண் தொழிலாளர்களின் எண்கள் இருக்கும். நீங்கள் எடுத்த நகல் கடைக் கம்ப்யூட்டரில் கிடந்தால் கடைப் பையன் கையிலும் கிடந்த மாதிரிதான். பட்டியல் சரி என்று சொந்தக்காரர் சொன்னதும் எல்லா நகலையும் அழித்துவிடுங்கள். மறுசுழற்சித் தொட்டியையும் காலி செய்யுங்கள். மீட்டுத் தருகிறோம் என்று கோப்பை இணையத்தில் ஏற்றச் சொல்லும் தளங்கள் பக்கமே போகாதீர்கள்.

போன் அவருடையதுதானா என்று பார்த்துக்கொள்வதும் அவசியம். நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, மறுபடியும் சதுரக் குறி அடித்தால் ஐஎம்இஐ எண் வரும். போன் ஆன் ஆகவில்லையென்றால் பெட்டியிலோ பில்லிலோ இருக்கும். அதை சஞ்சார் சாத்தி தளத்தில் சோதிக்கலாம், அல்லது கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் எழுதி இடைவெளி விட்டு ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். முடக்கப்பட்ட போன் என்றால் கை வைக்காமல் திருப்பிக் கொடுங்கள். மனைவியின் போன், கூட்டாளியின் போன் என்று கொண்டுவந்து கேட்பவர்களும் இருப்பார்கள். உரியவர் சம்மதமில்லாமல் திறந்து எடுப்பது 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின் கீழ் வரும்.

சில சமயம் எண்ணுக்காக வராமல் ஆதாரத்துக்காக வருவார்கள். ஜாப் ஒர்க் பணம் பாக்கி, கொடுத்த தேதி பற்றிச் சண்டை, அழைத்தேன் அழைக்கவில்லை என்ற தகராறு. அழைப்புப் பதிவு கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அந்தப் படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி) குறிக்க வேண்டும். அந்த வேலையை எடுக்கிறீர்களா இல்லையா என்பதைப் போனைத் திறப்பதற்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஹாஷ் மதிப்பை முதல் பிரதி எடுத்த அந்த நிமிடத்தில், எந்த மென்பொருளிலும் திறப்பதற்கு முன் எடுத்து, தேதியும் நேரமும் எழுதி, வாடிக்கையாளரின் கையெழுத்தையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.